வெறும் ஏசித் தண்ணி

செனாய்தாவின் பள்ளி வேன் ஒழுக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அந்திப்போலோ என்ற அந்த மலையூரில் அவளுக்குக் காரணம் சொல்லாத ஆள் யாரும் பாக்கி இல்லை. பள்ளிக்கூட வாட்ச்மேன் சொன்னார், மீன் விற்கிறவள் சொன்னாள், பாதிரியாரின் டிரைவர் காரை நிறுத்தி இறங்கி வந்து சொன்னார். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வெறும் ஏசித் தண்ணி. சொல்லிவிட்டு, பெரிய உபகாரம் செய்துவிட்டவர்கள் மாதிரி போனார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வருஷம் பூராவும் வேர்த்து வடிகிற ஊர். ஓடுகிற வண்டி ஒவ்வொன்றும் அடியில் சொட்டிக்கொண்டேதான் ஓடும். வண்டிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்துப் பதறுகிறவர் இங்கே யாரும் இல்லை. முதல் மாதம் செனாய்தாவும் பதறவில்லை.

அவளுக்குச் சந்தேகம் தட்டியது ரேடியேட்டரோடு சேர்ந்த பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தபோதுதான். காலையில் அரை பாட்டில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு ஒரு பாட்டில். இப்போது இரண்டு பாட்டில் ஊற்றினாலும் சாயங்காலம் டப்பா வறண்டு கிடந்தது. ஏசித் தண்ணீர் காற்றிலிருந்து இறங்குகிறது. அது சொட்டினால் ரேடியேட்டரில் ஏன் குறைய வேண்டும்? இதைக் கேட்க யாரும் என்ஜினியருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

கேட்டாள். கேட்ட இடம் டெல்ஃபினின் கொட்டகை.

டெல்ஃபின் மெக்கானிக் மட்டுமாக இருந்திருந்தால் இந்தக் கதை இரண்டே நாளில் முடிந்திருக்கும். அவன் செனாய்தாவின் கணவன் ஆர்னெலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவள் மகள் ரிசெலுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று அவன் மெழுகுவர்த்தியைப் பிடித்த நிமிஷத்திலிருந்து அவன் அவளுக்கு ‘பாரே’, அவள் அவனுக்கு ‘மாரே’. கூடப்பிறந்தவனோடு வாய்ச்சண்டை போடலாம், மறுநாள் பேசிக்கொள்ளலாம். பாரேயோடு போட முடியாது. போட்டால் இரண்டு குடும்பமும் கோவிலில் ஒரே வரிசையில் உட்கார முடியாமல் போகும்.

“ஏசித் தண்ணி, மாரே,” என்றான் டெல்ஃபின், கையைத் துடைத்துக்கொண்டே. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“அப்போ டப்பால ஏன் பாரே குறையுது?”

“சூடு. மேட்டுல ஏறுற வண்டி. ஆவியாப் போயிடும்.”

“ரெண்டு பாட்டிலுமா ஆவியாப் போவும்?”

“பதினோரு பிள்ளைங்கள ஏத்துற. வண்டிக்கும் மூச்சு வாங்கும்ல.” அவன் சிரித்தான். “சாப்பிட வா. கருவாடு பொரிச்சிருக்கு.”

அவள் விடவில்லை. மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏசியைப் போடவே இல்லை. பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்துப் போய் வீட்டில் இறங்கின. ஓர் அம்மா ஃபோனில் பிடித்துக் காய்ச்சினாள். ஆனால் வேனை நிறுத்திய இடத்தில், இடது பக்கம் முன் கதவுக்கு அடியில், அதே ஈரம். மறுபடி கொட்டகைக்கு ஓடினாள்.

“ஏசி போடவே இல்ல, பாரே. ஆனாலும் சொட்டுது.”

டெல்ஃபின் கொஞ்சம் யோசித்தான். “நேத்து மிச்சம் நின்ன தண்ணியா இருக்கும்.”

இந்தப் பதிலைக் கேட்டு அவள் வீட்டுக்கு வந்து சோற்றுப்பானையை அடுப்பில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அவனிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததையெல்லாம் பானைதான் வாங்கிக்கொண்டது.

முகத்துக்கு நேராக ஏன் சொல்ல முடியவில்லை என்றால், டெல்ஃபின் அவளிடம் ஒரு காசு வாங்கியதில்லை. அவள் வேன் ஓட்ட வந்த நாலு வருஷமாக இப்படித்தான். எண்ணெய் மாற்றினால் சும்மா. பெல்ட் போட்டால் சும்மா. ஜூன் மாதம் வாட்டர் பம்ப் போனபோது, இரண்டே நாளில் வேறொன்றை மாட்டி, “ரிசெல் பொறந்தநாளுக்கு நினோங்கோட பரிசு” என்று சாவியை நீட்டினான். ஞானத்தகப்பனை அந்தப் பிள்ளை நினோங் என்றுதான் கூப்பிடும். செனாய்தா அன்று கண் கலங்கி நன்றி சொன்னாள். நன்றி சொன்ன வாயால் இப்போது எப்படிக் குறை சொல்வது?

செவ்வாய்க்கிழமை வேன் நின்றுவிட்டது.

மேட்டு ரோட்டின் பாதியில், காலை ஆறரை மணிக்கு, ஊரே வேலைக்குப் போகிற நேரத்தில். சூட்டு முள் மேலே போனதைப் பார்த்தாள், ஏசியை அணைத்தாள், சாமியைக் கூப்பிட்டாள். இரண்டும் பலிக்கவில்லை. முன்னாலிருந்து வெள்ளைப் புகை எழும்பியது. பதினோரு பிள்ளைகளையும் இறக்கி ரோட்டோரம் சுவரை ஒட்டி நிற்க வைத்தாள். லாரிகள் முழங்கை தூரத்தில் உரசிக்கொண்டு போயின. சின்னவன் ஒருவன் சிறுநீர் வருகிறது என்று அழுதான். செனாய்தா என்ஜின் ஆறும் வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, வண்டியை மெல்ல நகர்த்தினாள்.

அன்று மத்தியானமே பெற்றோர்கள் பேசிவிட்டார்கள். அவர்கள் சார்பில் ஃபோன் செய்தது திருமதி பன்சோன், இரட்டைப் பெண் பிள்ளைகளின் அம்மா.

“செனி, ஒன்மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா ஓட்டுற. பிள்ளைங்களுக்கும் ஒன்னப் பிடிக்கும். ஆனா இன்னொரு தடவ நின்னா, கீழ்த்தெரு வேனுக்கு மாத்திடுவோம். பதினோரு பேரும்.”

“சரி பண்ணிடறேன், மேடம்.”

“இந்த வாரம் பாக்கறோம். திங்கக்கிழம முடிவு பண்ணிப்போம்.”

பதினோரு பேரும் போனால் அவள் கையில் ஒழுகுகிற வேன் ஒன்றுதான் மிஞ்சும். வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்த ஆர்னெல் தமாமிலிருந்து அனுப்புவது அவன் அம்மாவின் சிறுநீரக வைத்தியத்தோடு சரி. வீட்டில் உலை கொதிப்பது வேனால்தான். அன்று அவனிடம் ஃபோனில் எல்லாவற்றையும் கொட்டினாள். வேறு மெக்கானிக்கிடம் போகப்போகிறேன் என்றாள்.

“பாரேவ விட்டுட்டா?” அவன் குரல் ஏறியது. “அவன் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?”

“ஒன் மூஞ்சி தமாம்ல பத்திரமா இருக்கு. மேட்டுல நின்னது நானு.”

“அவன் காசு வாங்காம பாக்கறான், செனி. வேற எவன் பாப்பான்?”

“பாக்கறான். பாத்துட்டு ஏசித் தண்ணிங்கிறான்.”

அவன் பெருமூச்சு விட்டான். இத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்தும் அந்தப் பெருமூச்சுக்கு எரிச்சல் மூட்டுகிற சக்தி குறையவில்லை. அவள் ஃபோனை வைத்தாள்.

புதன்கிழமை யாருக்கும் தெரியாமல், தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, மலைக்குக் கீழே ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உட்கார சோபா, குடிக்க இலவசக் காபி. கழுத்துப் பட்டி கட்டிய ஓர் இளைஞன் வந்து, வேனுக்கு அடியில் டார்ச் அடித்து, எழுந்து நின்று, மிகவும் வருத்தமான முகத்தோடு சொன்னான்.

“மேடம், ஏசித் தண்ணி.”

செனாய்தா காபியைக் கீழே வைத்தாள்.

“ஆனா ஏசி லைன் முழுக்க அடைப்பு. அதனாலதான் இவ்வளவு சொட்டுது. கழுவி, புதுக் குழாய் போட்டுட்டா முடிஞ்சது.”

“ரேடியேட்டர்ல குறையுதே, தம்பி?”

“பழைய வண்டில அது சகஜம், மேடம்.”

நாலாயிரத்து ஐந்நூறு பேசோ வாங்கிக்கொண்டு கழுவிக் கொடுத்தார்கள். ஏசி ஜில்லென்று வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வியாழக்கிழமை காலையில் வேனுக்கு அடியில் அதே இடத்தில் அதே ஈரம். இரண்டு பாட்டில் ஊற்றினாள். மூடியை அறைந்து மூடினாள். கோபத்தில்தான். டெல்ஃபின் மேல், கண்ணாடிக் கடைக்காரன் மேல், திருமதி பன்சோன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கிறவளாகவே இருந்து கேட்டதையெல்லாம் நம்பிய தன் மேல்.

குழப்பம் எங்கே என்றும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஏசியின் வடிகுழாயும் இடது பக்கம் முன்னால்தான். வேறெங்காவது ஒழுகினாலும் தண்ணீர் அடிச்சட்டத்தின் மேல் ஓடி அங்கேதான் வந்து விழும். ரேடியேட்டரில் ஊற்றுவது கூலன்ட் என்கிற பச்சைத் திரவமாக இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் இந்த ஊரில் யார் அதை ஊற்றுகிறார்கள்? “அதெல்லாம் பனி கொட்டுற தேசத்துக்கு, மாரே,” என்பான் டெல்ஃபின். ஊரே குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றியது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரண்டு தண்ணீரையும் யார் பிரித்துப் பார்ப்பது?

அன்று சாயங்காலம் சமையலறை அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ராசவள்ளிக் கிழங்கு இனிப்புக்குப் போடும் ஊதாச் சாயப் புட்டி மூடி தளர்ந்து கவிழ்ந்திருந்தது. மேல் தட்டிலிருந்து மாவு டப்பா, உப்பு ஜாடி, கீழ்த் தட்டு வரைக்கும் ஊதா. மற்ற நாளாக இருந்தால் திட்டிக்கொண்டே துடைத்திருப்பாள். அன்று துடைக்கவில்லை. எங்கிருந்து ஒழுகியது என்று தேட வேண்டிய தேவையே இல்லாமல் கோடு நேராகப் புட்டிக்குப் போனது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை இருட்டோடு எழுந்து கடையில் இன்னொரு புட்டி வாங்கி, இரண்டு பாட்டில் தண்ணீரில் முழுவதையும் கலக்கி ரேடியேட்டரில் ஊற்றினாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கினாள். முள் நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் வேன் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, அடியில் பெரிய அட்டையை விரித்து, என்ஜினையும் ஏசியையும் அணைக்காமல் அரை மணி நேரம் காத்திருந்தாள்.

அட்டையில் இரண்டு ஈரம். ஒன்று வெறும் தண்ணீர். நாலு விரல் தள்ளி இன்னொன்று, பளிச்சென்ற ஊதா.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. தனியாக வாசலில் குந்தி உட்கார்ந்து சிரித்தாள். இரண்டு மாதமாக ஊரே கூடி அவளைப் பைத்தியக்காரி ஆக்கியிருந்தது. பிறகு என்ஜினை அணைத்து, ஆற விட்டு, ஃபோன் டார்ச்சோடு மல்லாந்து அடியில் நுழைந்தாள். அடிச்சட்டத்தில் ஊதாக் கோடு. அது மேலே ஏறியது, ஒரு போல்ட்டைச் சுற்றியது, இன்னும் மேலே போய் வட்டமான இரும்பு ஒன்றின் சின்ன ஓட்டையில் முடிந்தது.

வாட்டர் பம்ப். ஜூன் மாதத்துப் பரிசு.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கழுத்துக்கடியில் சிமெண்டு குத்த, அவள் அங்கேயே படுத்துக் கிடந்தாள். வேறு இடத்தில் மாற்றினால் பழைய பம்ப் வெளியே வரும், யார் மாட்டியது என்று கேள்வி வரும், சாயங்காலத்துக்குள் டெல்ஃபின் காதுக்குப் போய்விடும். அவனிடமே போனால், சும்மா கொடுத்ததைக் குறை சொன்னவள் என்ற பெயர் வரும். திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை கடைத்தெருவில் புதுப் பம்ப் ஒன்றை, ரசீதோடு, வாங்கினாள். ஊதா அட்டையையும் எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

டெல்ஃபின் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “வா மாரே, சாப்பிடு.” தட்டைத் தள்ளினான். “கண்ணாடிக் கடைக்குப் போனியாமே. சொல்லியிருந்தா நானே சும்மா கழுவிக் குடுத்திருப்பேனே.”

அவள் அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ன இது, ராசவள்ளிக் கேக்கா?”

“ஏசித் தண்ணி.”

அவன் சிரிக்கப் போனான். அவள் ஃபோனை எடுத்து, பம்ப்பில் முடிந்த ஊதாக் கோட்டின் படத்தைக் காட்டினாள். அவன் வாயில் இருந்த சோற்றை மெல்லாமல் பார்த்தான். விழுங்க வெகுநேரம் பிடித்தது.

“தெரியுமா ஒங்களுக்கு?” என்றாள்.

“மாரே...”

“தெரியுமா தெரியாதா?”

டெல்ஃபின் எழுந்து கை கழுவினான். கழுவிய கையை மறுபடியும் கழுவினான். “மாட்டும்போதே லேசா ஆட்டம் இருந்துச்சு,” என்றான், முதுகைக் காட்டிக்கொண்டே. “பழைய வண்டில கழட்டினது. அன்னைக்குக் கைல புதுசு வாங்கக் காசு இல்ல. பிள்ளைக்கு வெறுங்கையோட எப்பிடி வர்றது? கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். அப்புறம் புதுசாப் போட்டுடலாம்னு.”

“ரெண்டு மாசமா வந்து கேட்டேனே.”

“நீ ஒவ்வொரு தடவ வரும்போதும் சொல்லிடணும்னுதான் இருக்கும். குடுத்த பரிசு ஓட்டைன்னு எந்த வாயால சொல்ல?”

செனாய்தா இரண்டு மாதமாக அடக்கிய திட்டு ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்தது. ஆனால் வரவில்லை. அதுதான் கொடுமை. நாலு வருஷத்துச் ‘சும்மா’ எல்லாம் சேர்ந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அவள் பையிலிருந்து ஆயிரம் பேசோ நோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்து, பறக்காமல் மேலே உப்பு ஜாடியை வைத்தாள். பக்கத்தில் புதுப் பம்ப் டப்பா.

“இது பம்ப். இது ஒங்க கூலி.”

“மாரே, அவமானப்படுத்தாத.”

“எடுத்து சட்டப்பைல வைங்க.”

“ஆர்னெலுக்குத் தெரிஞ்சா...”

“எடுங்க பாரே. எடுக்கலன்னா வேன இப்பவே வேற ஆளுகிட்ட ஓட்டிட்டுப் போறேன். ஊரு பாக்கட்டும்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நோட்டை எடுத்தான். மடித்து சட்டைப்பையில் வைத்தான்.

“வச்சாச்சா?”

“வச்சாச்சு.”

அதற்குப் பிறகு செனாய்தா திட்ட ஆரம்பித்தாள். பதினோரு பிள்ளைகள் ரோட்டோரம் நின்றதைச் சொன்னாள், லாரி உரசியதைச் சொன்னாள், மூத்திரத்தை அடக்க முடியாமல் அழுத சின்னவனின் பெயரைச் சொன்னாள். திருமதி பன்சோனிடம் கெஞ்சியதைச் சொன்னாள். மூச்சு விடாமல் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். ரோட்டில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, இங்கே நிற்பது நல்லதில்லை என்று மறுபடி கூட்டினார். டெல்ஃபின் காசு வாங்கிய மெக்கானிக்காக நின்று அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டான்.

“நீங்க சும்மா செஞ்சீங்க, நான் சும்மா இருந்தேன்,” என்று முடித்தாள். குரல் கம்மிவிட்டது. “ரெண்டு பேரும் சேர்ந்து அந்தப் பிள்ளைங்கள கொல்லப் பாத்தோம்.”

அவன் ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனான்.

அவள் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து வேனை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றும்போதும் பார்த்தாள். பழைய பம்ப்பை வெளியே எடுத்ததும் வாங்கித் தானே ஆட்டிப் பார்த்தாள். கடகடவென்று ஆடியது.

“நம்பலையா, மாரே?” என்றான் அடியிலிருந்து.

“இல்ல. வேலையப் பாருங்க.”

மத்தியானம் இரண்டு மணிக்குப் புதுப் பம்ப் ஏறிவிட்டது. தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் பச்சைத் திரவம் ஊற்றினார்கள். அவள்தான் வாங்கி வந்திருந்தாள், பனி கொட்டுற தேசத்தைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. என்ஜினை ஓடவிட்டார்கள். ஒரு மணி நேரம் அட்டையில் ஏசித் தண்ணீரைத் தவிர வேறெதுவும் விழவில்லை. அவள் சாவியை எடுக்கப் போனாள். டெல்ஃபின் இன்னும் அடியிலேயே கிடந்தான்.

“முடிஞ்சதுல்ல?”

அடியிலிருந்து அவன் குரல் தயங்கி வந்தது. “மாரே, இங்க வந்து பாரு.”

அவள் குனிந்தாள். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர்க் குழாயை அவன் விரலால் வளைத்துக் காட்டினான். வளைத்த இடத்தில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன.

“பிரேக் குழாய். இன்னும் ஒழுகல. ஆனா அந்த மேட்டுல ரொம்ப நாள் தாங்காது. இப்பத்தான் பாத்தேன். சத்தியமா இப்பத்தான்.”

செனாய்தா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொன்றா என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. டெல்ஃபின் வெளியே நகர்ந்து வந்து எழுந்தான். கொட்டகை மூலையில் கழற்றிய பழைய சாமான்கள் கிடந்த பீப்பாயைப் பார்த்தான். அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள்.

“அதுல ஒண்ணு கெடக்கு,” என்றான். “வேணாம். புதுசு வாங்கு. ரெண்டு பக்கமும். மாட்டுற கூலி எண்ணூறு.”

நாலு வருஷத்தில் அவன் வாயிலிருந்து ஒரு தொகை வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, அவள் என்ன சொல்வாளோ என்று தரையைப் பார்த்தான்.

“அறுநூறு,” என்றாள் செனாய்தா.

“எண்ணூறு, மாரே. பிரேக்கு இது.”

அவள் தலையாட்டினாள். ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் போட்டாள். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவனை வேனோடு தனியாக விட்டுவிட்டு, குழாய் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தாள்.